சில்லறைக் காசிலிருந்து வங்கி வரை: அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் உள்ளூர்த் தொழில்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் நடத்திய கடை, வங்கி, அழகு நிலையம், அடுக்களை பற்றிப் பேச்சு வந்தால், ஒன்று அது ‘முதல் கோடீஸ்வரி’ கதையாக முடியும், இல்லையென்றால் வாழ்த்துரையாகப் போய்விடும். காசு எப்படிச் சேர்ந்தது, கணக்கை யார் வைத்தார்கள், ஓட்டை எங்கே விழுந்தது என்ற கேள்விகள் அடியில் தங்கிவிடுகின்றன. இங்கே அவைதான் முன்வரிசையில்.

கடை வைத்திருப்பதும் ஊரைத் தாங்குவதும் ஒன்றுதானா?

இல்லை. நன்றாக ஓடிய எத்தனையோ கடைகள் உரிமையாளரின் காலத்தோடு முடிந்துபோயின. ஊருக்குத் தூணாக நின்ற தொழில்களைக் கூர்ந்து பார்த்தால் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்பத் தென்படும். வாடிக்கையாளர்கள் தங்கள் மக்களாகவே இருந்தார்கள். அதனால் வெள்ளை முதலாளி முறைத்தாலும் பிழைப்பு போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் இடம் இருந்தது. கேட்டால் எடுத்துக் காட்டக்கூடிய கணக்கு இருந்தது. முதல் இரண்டும் நிறையப் பேருக்கு வாய்த்தன. வழுக்கி விழுந்ததெல்லாம் பெரும்பாலும் மூன்றாவதில்.

ஏன் எப்போதும் தலைமுடி, சமையல், சலவை, தையல்?

1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் கறுப்பினப் பெண்களுக்குத் திறந்திருந்த வேலைகள் வயலும் வெள்ளையர் வீட்டு அடுக்களையும் சலவையும்தான். அந்த வேலைகளிலேயே கைத்திறன் இருந்தது, முதலும் அதிகம் தேவைப்படவில்லை. அழகு நிலையத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறப்பிரிவினைக் காலத்தில் வெள்ளையரின் கடைகள் கறுப்பினப் பெண்களை வாடிக்கையாளராக ஏற்கவில்லை. அந்த முடியைப் பராமரிக்கவும் அவர்களுக்குத் தெரியாது. ஒதுக்கி வைத்ததே போட்டியில்லாத சந்தையாக மாறியது.

மேகி லீனா வாக்கர் சில்லறைக் காசை வைத்து வங்கி தொடங்கினார் என்கிறார்களே, அது எப்படி நடந்தது?

வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் 1864-ல் பிறந்தவர். தாய் முன்பு அடிமையாக இருந்தவர். கணவர் இறந்த பின் வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். அழுக்குத் துணியை வாங்கி வருவதும் வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் மகளின் வேலை. எந்த வீட்டிலிருந்து எவ்வளவு காசு வருகிறது, எது தாமதமாகிறது என்பது அவருக்குச் சிறு வயதிலேயே அத்துப்படி.

அவர் வங்கியில் தொடங்கவில்லை, சங்கத்தில் தொடங்கினார். செயின்ட் லூக் சங்கம் 1867-ல் பால்டிமோரில் மேரி ப்ரவுட் என்ற ஆசிரியை ஏற்படுத்தியது. உறுப்பினர்கள் சிறு சந்தா கட்டுவார்கள். படுத்தால் உதவி, இறந்தால் அடக்கச் செலவு. வாக்கர் பதின்ம வயதிலேயே அதில் சேர்ந்தவர். 1899-ல் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கட்ட வேண்டிய பாக்கி 400 டாலர்.

பிறகு வந்த வரிசைதான் முக்கியம். முதலில் ஊர் ஊராகப் போய் உறுப்பினர்களைச் சேர்த்தார். 1901 மாநாட்டில் மூன்று திட்டங்களை முன்வைத்தார்: பத்திரிகை, வங்கி, துணிக்கடை. 1902-ல் ‘செயின்ட் லூக் ஹெரால்டு’ பத்திரிகை வந்தது. உறுப்பினர்களிடம் ஒரே நாளில் ஒரே செய்தியைக் கொண்டுசேர்க்கும் வழி இல்லாமல் வங்கிக்கு நம்பிக்கை திரட்ட முடியாது என்பதால் பத்திரிகை முந்தியது. வங்கித் தொழிலைக் கற்க நகரத்து வெள்ளையர் வங்கி ஒன்றில் தினமும் சில மணி நேரம் உட்கார்ந்து வேலை நடப்பதைப் பார்த்தார். அதன் பிறகே உரிமம்.

1903 நவம்பர் 2 அன்று செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் வங்கி திறந்தது. முதல் நாளில் சுமார் 280 பேர் கணக்குத் தொடங்கினார்கள். வைப்புத்தொகையும் பங்கு விற்பனையும் சேர்த்து 9,000 டாலருக்கு மேல் வந்தது. அதில் ஒருவர் போட்டது 31 சென்ட். அமெரிக்காவில் வங்கிக்கு உரிமம் பெற்று அதன் தலைவரான முதல் கறுப்பினப் பெண் வாக்கர்.

31 சென்ட்டை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? அந்தக் கணக்கை எழுதிவைக்கும் கூலிக்கே அது காணாது. ஆனால் சலவைக்காரப் பெண்ணிடம் வாரம் வாரம் மிஞ்சுவது அவ்வளவுதான்; பெரிய வங்கிகள் அவளை வாசலிலேயே நிறுத்தின. சிறு கணக்கு நட்டம்தான், ஆனால் ஆயிரம் சிறு கணக்கு சேர்ந்தால் ஒருவர் வீடு வாங்கக் கடன் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கும் சிறு உண்டியல்களைக் கொடுத்துச் சேமிக்கப் பழக்கினார்கள். 1920 வாக்கில் ஏறத்தாழ 600 வீடுகள் இந்த வங்கியின் கடனில் வாங்கப்பட்டிருந்தன. இன்னொரு பயனும் உண்டு, அதிகம் பேசப்படாதது: சங்கத்தின் அலுவலகத்திலும் வங்கியிலும் எழுத்தர் வேலைக்குக் கறுப்பினப் பெண்கள் அமர்ந்தார்கள். அந்தக் காலத்து ரிச்மண்டில் மேசை நாற்காலி வேலை அவர்களுக்கு வேறெங்கும் கிடைப்பது அரிது.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியதா?

இல்லை. துணிக்கடை தோற்றது. 1905-ல் நகரின் முக்கிய வணிகத் தெருவான பிராடு தெருவில் செயின்ட் லூக் எம்போரியம் திறந்தது. விற்பனைக்குக் கறுப்பினப் பெண்கள், பின்வாசல் வழியாக வரச் சொல்லாத கடை. கட்டடத்தை விட்டுக்கொடுத்தால் கூடுதல் பணம் தருகிறோம் என்று வெள்ளை வணிகர்கள் பேரம் பேசினார்கள். படியவில்லை என்றதும் சரக்கு தரும் மொத்த வியாபாரிகளை நெருக்கினார்கள். சுமார் ஏழு ஆண்டில் கடை மூடியது.

வங்கி நின்று கடை ஏன் விழுந்தது என்று கேட்டால், சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதில் பதில் இருக்கிறது. வங்கியின் சரக்கு உறுப்பினர்களின் காசு. அது உள்ளிருந்தே வந்தது. துணியும் தொப்பியும் வெளியாரின் கிடங்கிலிருந்து வர வேண்டும். அங்கே ஒருவர் கையை மடக்கினால் அலமாரி காலி. இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. கறுப்பின வாடிக்கையாளர்களில் பலரே பழகிய வெள்ளையர் கடைகளை விட்டு வரவில்லை. வாக்கர் அதை மேடையிலேயே கடிந்து பேசினார். கடிந்து பேசிக் கூட்டம் சேர்த்த கடை எங்கும் கிடையாது.

வங்கி எப்படித் தப்பியது?

இரண்டு முறை நேரத்தில் வளைந்துகொடுத்ததால். ரிச்மண்டிலேயே ‘ட்ரூ ரிஃபார்மர்ஸ்’ என்ற பெரிய கறுப்பினச் சங்கத்தின் வங்கி 1910-ல் திவாலானது. சங்கப் பணமும் வங்கிப் பணமும் ஒரே பையில் கிடந்தால் சங்கத்தின் நட்டம் வங்கியைத் தின்னும். அதே காலத்தில் மாநிலச் சட்டமும் கடுமையாகி, சங்கமும் வங்கியும் தனித்தனியாக வேண்டும் என்றது. வாக்கர் பிரித்தார். அடுத்து, பெருமந்தம் தொடங்கிய சமயத்தில் ஊரின் மற்ற கறுப்பின வங்கிகளோடு இணைத்து ‘கன்சாலிடேட்டட் பேங்க் அண்ட் டிரஸ்ட்’ ஆக்கினார். வங்கித் தலைவர் நாற்காலியை விட்டுக்கொடுத்து இயக்குநர் குழுவின் தலைவரானார். 1934-ல் அவர் இறந்த பிறகும் அந்த வங்கி எழுபது ஆண்டுகள் கறுப்பினத்தவர் கையிலேயே இருந்தது. 2005-ல்தான் வெளி நிறுவனம் ஒன்று வாங்கியது.

மேடம் சி. ஜே. வாக்கர் இவருக்கு உறவா? அவர்தானே முதல் கோடீஸ்வரி?

உறவு இல்லை, பெயர்ப் பொருத்தம்தான். சாரா பிரீட்லவ் என்று 1867-ல் லூசியானாவில் பிறந்தவர். தலைமுடிக் களிம்பு விற்ற தன் தொழிலுக்குக் கணவரின் பெயரை வைத்துக்கொண்டார். 1919-ல் இறந்தபோது சொத்து 6 லட்சம் டாலர் அளவில் மதிப்பிடப்பட்டது. நிறுவனத்தின் மதிப்பையும் சேர்த்தால் பத்து லட்சத்தைத் தாண்டும் என்பார்கள். பட்டம் யாருக்கு என்ற சண்டையில் பொருளில்லை. அவருக்கு முன்பே செயின்ட் லூயிஸில் ‘போரோ’ என்ற பெயரில் இதே தொழிலைப் பெரிதாக நடத்திய ஆனி டர்ன்போ மலோனிடம்தான் சாரா விற்பனை முகவராக இருந்தார்.

கவனிக்க வேண்டியது முகவர் முறை. களிம்பில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பெட்ரோலேட்டமும் (வாசலின் போன்றது) கந்தகமும்தான் அடிப்படை. அடிக்கடி தலை குளிக்க வசதியில்லாத காலத்தில் உச்சந்தலைப் புண்ணுக்கும் பொடுகுக்கும் கந்தகம் வேலை செய்தது. பெண்கள் பயிற்சி பெற்று, டப்பாக்களை வாங்கி, தங்கள் வீட்டின் முன்னறையிலேயே தொழில் தொடங்கினார்கள். 1917-ல் பிலடெல்பியாவில் 200-க்கு மேற்பட்ட முகவர்கள் கூடினார்கள். அதிகம் விற்றவருக்குப் பரிசு இருந்தது. தர்ம காரியத்துக்கு அதிகம் கொடுத்த உள்ளூர்க் குழுவுக்கும் பரிசு இருந்தது. அந்த மாநாடே கறுப்பினத்தவர் மீதான கும்பல் கொலைகளைக் கண்டித்து ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி அடித்தது.

மலோனின் கட்டடம் வேறு பாடம். 1918-ல் திறந்த போரோ கல்லூரியில் வகுப்பறைகளோடு அரங்கம், உணவகம், தங்கும் அறைகள் இருந்தன. விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பினப் பயணிகளும் சங்கக் கூட்டங்களும் அங்கேதான். 1927-ல் சூறாவளி நகரைத் தாக்கியபோது அதுவே நிவாரண மையம். ஆனால் மலோன் தானம் கொடுத்த வேகத்துக்கு நிர்வாகம் ஈடுகொடுக்கவில்லை. அதே 1927-ல் விவாகரத்து வழக்கில் கணவர் தொழிலில் பாதியைக் கேட்டார். 2 லட்சம் டாலர் கொடுத்து முடிக்க வேண்டியதாயிற்று. பின்னால் வரிப் பாக்கியும் சேர்ந்தது. தொழில் தொடங்கும்போதே பங்கு யார் யார் பெயரில் என்று எழுதி வைக்காத பிழை பெரிய கட்டடத்தையும் ஆட்டிவிடும்.

அழகு நிலையம் எப்படிப் பள்ளிக்கூடமானது?

தெற்கு மாநிலங்களில் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் அரசியல் சட்டப் பகுதியை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. கைநாட்டு வைப்பவருக்கு ஓட்டு இல்லை. கற்றுக்கொடுக்கப் போகும் ஆசிரியருக்கோ அரசு வேலை போய்விடும். தென் கரோலினாவில் என்ஏஏசிபி என்ற கறுப்பின உரிமை அமைப்பில் உறுப்பினராக இருந்ததற்கே ஆசிரியை செப்டிமா கிளார்க்கின் வேலை போனது. அழகுக் கலைஞருக்கு அந்தப் பயமில்லை. அவருடைய சம்பளம் முழுக்கக் கறுப்பினப் பெண்களின் பையிலிருந்து வருவது.

அதனால்தான் அதே மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் தொடங்கிய முதல் குடியுரிமைப் பள்ளிக்கு ஆசிரியராகக் கிளார்க்கின் உறவினரான பெர்னிஸ் ராபின்சன் வந்தார். அழகுக் கலைஞர், தையல்காரர், ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். ஊர்க்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கி, முன்னால் மளிகைக் கடையும் பின்னறையில் வகுப்பும் வைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சாமான் வாங்கும் கூட்டம். முதல் வகுப்பில் 14 பேர். வயல் வேலை குறைந்த குளிர்காலத்தில் வாரம் இரண்டு இரவு. பாடநூலுக்குப் பதிலாக அவர்கள் கேட்டதைக் கற்பித்தார்: கையெழுத்துப் போடுவது, மணியார்டர் படிவம் நிரப்புவது, அஞ்சல் வழிக் கடையில் பொருள் கேட்டு எழுதுவது, பிறகு சட்டப் பகுதி. மிசிசிபியின் கிளார்க்ஸ்டேலில் வேரா பிஜியும் தன் அழகு நிலையத்தில் இதே வேலையைச் செய்தார்.

‘எங்கிருந்தும் வராத சங்கம்’ என்பது என்ன?

1955 டிசம்பர் 5 முதல் 381 நாட்கள், பேருந்தில் இருந்த நிறப்பிரிவினையை எதிர்த்து, அலபாமாவின் மான்ட்கோமரி நகரக் கறுப்பினத்தவர் பேருந்தில் ஏறவில்லை. வேலைக்குப் போக நூற்றுக்கணக்கான கார்கள் ஓடின. பெட்ரோல், டயர், பழுது, காப்பீடு எல்லாவற்றுக்கும் வாரம் வாரம் பணம் வேண்டும். சமையல்காரர் ஜார்ஜியா கில்மோர் சில பெண்களைச் சேர்த்துச் சாமான் வாங்கி, வறுத்த கோழி சாண்ட்விச், பை, கேக் செய்து அழகு நிலையங்களிலும் தேவாலயங்களிலும் வீட்டு வாசல்களிலும் விற்றார். யாரிடமிருந்து வந்த பணம் என்று கேட்டால் ‘எங்கிருந்தும் வரவில்லை’ என்பதே பதில். ‘கிளப் ஃப்ரம் நோவேர்’ என்ற பெயரே அப்படி வந்தது.

இந்த மறைப்பு விளையாட்டில்லை. செய்பவர்களில் பலர் வெள்ளையர் வீட்டுச் சமையல்காரர்கள். வாங்கியவர்களில் சில வெள்ளையரும் உண்டு. பெயர்ப் பட்டியல் இருந்தால் இருவருக்கும் ஆபத்து. அதனால் விற்றவர் பட்டியல் எழுதப்படவில்லை. தொகையை மட்டும் கில்மோர் போராட்டத்தின் திங்கள் இரவுக் கூட்டத்தில் எல்லார் முன்னும் எண்ணிச் சொன்னார். பெயரை மறைத்து, தொகையைத் திறந்து வைத்தார்கள். வழக்கமாக ஊர் வசூலில் இது தலைகீழாக இருக்கும். கொடுத்தவர் பெயர் பலகையில், மொத்தம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

நகரின் இன்னொரு பக்கத்தில் ஐனெஸ் ரிக்ஸ் தலைமையில் ஒரு போட்டிக் குழு எழுந்தது. யார் அதிகம் கொண்டுவருவது என்ற வீம்பில் வசூல் ஏறியது. 1956-ல் மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்ன பிறகு கில்மோருக்கு உணவக வேலை போனது. கிங் தந்த ஊக்கமும் பண உதவியுமாகத் தன் வீட்டுச் சமையலறையையே சாப்பாட்டுக் கடையாக்கினார். பெயர்ப் பலகை கிடையாது. மதியத்தில் ஊர்த் தலைவர்களும் கூலிக்காரர்களும் ஒரே மேசையில். 1990 மார்ச் 7 அன்று, வாக்குரிமைக்காக நடந்த செல்மா பேரணியின் 25-ஆம் ஆண்டு நாளில், வருபவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோது உடல்நிலை மோசமாகி இறந்தார். அவர் சமைத்த உணவையே துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்கள்.

வங்கி கடன் தராதபோது முதல் எங்கிருந்து வரும்?

நம் ஊர்ச் சீட்டுதான், வேறு பெயரில். டிரினிடாடில் சூசூ, ஜமைக்காவில் பார்ட்னர், ஹெய்ட்டியில் சோல்; மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் எசூசூ அதன் வேர். புரூக்ளின் போன்ற இடங்களில் கரீபியப் பெண்கள் இன்றும் நடத்துகிறார்கள். 10 பேர், வாரம் 100 டாலர், 10 வாரம். வாரம் ஒருவர் 1,000 டாலர் எடுப்பார். அதைக் ‘கை’ என்பார்கள். ஏலச்சீட்டு போலத் தள்ளு கிடையாது, கசர் கிடையாது. எடுக்கும் முறை முன்பே முடிவாகிவிடும். குலுக்கல் சீட்டுக்கு நெருக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கெடுவது ஒரே இடத்தில்: முதல் கையை எடுத்தவர் மூன்றாம் வாரம் காணாமல் போவது. அதற்குப் பழைய கட்டுப்பாடு, புதிதாகச் சேர்பவருக்குக் கடைசிக் கைதான், அறிமுகப்படுத்தியவர் ஜாமீன். கடை தொடங்குபவர் நடுவிலுள்ள கைகளைக் கேட்பது நல்லது. கடைசிக் கை வெறும் சேமிப்பு, முதல் கை வாங்கினால் பத்து வாரமும் கடனாளி மனநிலை. பெரிய குறை வேறு: பத்து வருடம் தவறாமல் கட்டினாலும் வங்கியின் கடன் மதிப்பெண்ணில் அது ஏறாது. கடைக் கணக்கில் தனியாக எழுதி, ரசீது வைத்தால் நுண்கடன் தரும் அமைப்புகளிடம் பேசவாவது உதவும்.

பன்றி வங்கி என்று ஒன்று இருந்ததா?

இருந்தது. வாக்குரிமைக்காக அடிபட்ட ஃபேனி லூ ஹேமர் 1960-களின் கடைசியில் மிசிசிபியின் சன்ஃபிளவர் கவுண்டியில் தொடங்கினார். டாரதி ஹைட் தலைமையிலான தேசிய நீக்ரோ பெண்கள் கவுன்சில் 35 இளம் பெண்பன்றிகளும் 5 ஆண்பன்றிகளும் வாங்கிக் கொடுத்தது. குடும்பத்துக்கு ஒரு சினைப் பன்றி. ஈன்ற குட்டிகளில் இரண்டு பெண்குட்டிகளை வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும், மீதி குடும்பத்துக்கு. பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள், ஒரு ஈற்றில் எட்டுப் பத்துக் குட்டி. ஒன்று கொடுத்து இரண்டு திரும்பினால் எந்த வட்டிக் கடைக்கும் கிட்டாத வளர்ச்சி. வாங்கியவருக்கும் சுமை இல்லை.

இதோடு 1969-ல் 40 ஏக்கரில் தொடங்கிய ஃப்ரீடம் ஃபார்ம் பிறகு பல நூறு ஏக்கராக விரிந்தது. அங்கேதான் இடறியது. காய்கறி ஊருக்குச் சோறு போட்டது. நிலக் கடனுக்குப் பருத்தியும் சோயாவும் விளைய வேண்டும். வறட்சி, வெள்ளம் என்று அடுத்தடுத்து வந்ததும் தவணை தவறியது. ஹேமரின் உடலும் ஒத்துழைக்கவில்லை. 1976 வாக்கில் நிலம் கைவிட்டுப் போயிற்று. பன்றியில் கடன் இல்லை, நிலத்தில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பெரிய நிறுவனத்தின் ஆர்டர் வந்தால் ஒப்புக்கொள்ளலாமா?

அலபாமாவின் வில்காக்ஸ் கவுண்டியில் 1966-ல் தொடங்கிய ஃப்ரீடம் குவில்டிங் பீ-யைப் பாருங்கள். ஒட்டுத்துணிப் போர்வை தைத்த பெண்களின் கூட்டுறவு. எஸ்டெல் விதர்ஸ்பூன் நீண்டகால மேலாளர். வாக்காளராகப் பதிந்ததற்காகக் குடும்பங்களை நிலத்திலிருந்து விரட்டிய காலம். கூட்டுறவு 23 ஏக்கர் வாங்கி, தையல் கூடம் கட்டி, விரட்டப்பட்ட சிலருக்கு மனை விற்றது.

1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய்த் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. வருமானம் சீரானது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே தையல். அவரவர் கண் போன போக்கில் துணி பொருத்திய கைகள் அச்சுக்கு வேலை செய்தன. சம்பளம் வேண்டும் என்பதால் ஒப்புக்கொண்டது தவறென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே வாங்குபவர் மொத்த நேரத்தையும் எடுத்துக்கொள்ள விடக்கூடாது. சொந்தப் பெயரில் விற்கும் சரக்குக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்கியே ஆக வேண்டும்.

கடன் சட்டங்கள் எப்போது மாறின? இன்று எங்கே தடை?

1974-ல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வந்தது. அப்படியும் பல மாநிலங்களில் தொழில் கடனுக்கு ஆண் உறவினரின் கையெழுத்து கேட்டார்கள். 1988-ல் வந்த பெண்கள் தொழில் உரிமைச் சட்டம்தான் அதை நிறுத்தியது.

இன்றைய தடை பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில். 2020-ல் கொரோனாக் காலச் சம்பளப் பாதுகாப்புக் கடனின் முதல் 349 பில்லியன் டாலர் 13 நாளில் தீர்ந்தது. ஏற்கெனவே வங்கியோடு பழக்கம் உள்ளவர்கள் முந்திக்கொண்டார்கள். கறுப்பினப் பெண்களின் தொழில்களில் மிகப் பெரும்பாலானவை ஆள் வைக்காதவை. அவர்களுக்குக் கடன் நிகர லாபத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. வருட வரவு 60,000 டாலர், செலவெல்லாம் கழித்து லாபம் 12,000 என்று காட்டியவருக்கு மாதம் 1,000 என்று எடுத்து, இரண்டரை மடங்காக 2,500 டாலர். 2021 மார்ச்சில் மொத்த வரவைக் கணக்கில் எடுக்கலாம் என்று விதி மாறியது. அதே நபருக்கு 12,500. முன்பே கடன் வாங்கியவருக்கு அந்தத் திருத்தம் கிடைக்கவில்லை. வரிக்குப் பயந்து லாபத்தைச் சுருக்கிக் காட்டும் பழக்கம் கடன் கேட்கும் நாளில் திருப்பியடிக்கும்.

மத்திய அரசின் சிறு தொழில் நிர்வாகம் என்ற அமைப்பின் நுண்கடன் 50,000 டாலர் வரை, லாப நோக்கற்ற அமைப்புகள் வழியாகக் கிடைக்கும். சரக்கு, சாதனம், நடைமுறைச் செலவுக்கு ஆகும். பழைய கடனை அடைக்கவோ இடம் வாங்கவோ ஆகாது. அதை மறந்து விண்ணப்பம் எழுதித் திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு.

முடி பின்னுவதற்கு உரிமம் வேண்டுமா?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மிசிசிபியில் ஒரு காலத்தில் 1,500 மணி நேர அழகுக் கலைப் படிப்பு கேட்டார்கள். அதில் பின்னல் ஒரு மணி நேரம்கூடப் பாடமில்லை. டூப்லோ நகரின் மெலனி ஆம்ஸ்ட்ராங் வழக்குப் போட, 2005-ல் சட்டம் மாறியது. பெயரைப் பதிந்து 25 டாலர் கட்டி, சுகாதார விதிகளைப் பின்பற்றினால் போதும் என்றானது. கடைக்கு இடம் பிடிக்கும் முன் அந்த மாநிலத்தின் விதியைப் பார்ப்பது அவசியம். இடம் பிடித்த பின் தெரிந்தால் வாடகை ஓடும், கதவு திறக்காது.

கறுப்பினப் பெண்களுக்கு மட்டுமான மானியம் சட்டப்படி செல்லுமா?

இப்போது சிக்கல். அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்து வந்தது. 2023-ல் வழக்கு, 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது, செப்டம்பரில் சமரசமாகி அந்த மானியம் நின்றது. வழக்குக்குப் பயன்பட்டது விடுதலை பெற்றவர்களுக்கு ஒப்பந்த உரிமை தர 1866-ல் இயற்றிய சட்டம். இதன் பிறகு பல அமைப்புகள் இனத்தைக் குறிப்பிடாமல் வட்டாரம், வருமானம் என்று தகுதியை மாற்றி எழுதுகின்றன. விண்ணப்பிப்பவர் பழைய அறிவிப்பை நம்பாமல் அந்த வருடத்து விதியைப் படிக்க வேண்டும்.

‘ஒரு டாலர் கறுப்பினச் சமூகத்துக்குள் 6 மணி நேரம்தான் தங்கும்’ என்பது உண்மையா?

நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் அதன் பின்னால் இல்லை. மேடைப் பேச்சில் பிறந்து பரவிய கணக்கு.

கட்டடம் சொந்தமாக இருப்பது அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான், ஆனால் அதுவும் முழுக் காப்பு இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் ‘ட்ரிபிள் நெட்’ என்று இருந்தால் வாடகைக்கு மேல் சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் கடைக்காரர் தலையில். தெரு செழித்தால் சொத்து மதிப்பு ஏறும், வரி ஏறும். தெருவைச் செழிக்க வைத்தவரே அந்த வரியைக் கட்டித் தாங்காமல் வெளியேறுவார். கையெழுத்திடும் முன் வருடத்துக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் இந்தச் செலவு ஏறக்கூடாது என்ற வரம்பையும், புதுப்பிக்கும் உரிமையையும், கட்டடம் விற்பனைக்கு வந்தால் முதலில் கேட்கும் உரிமையையும் எழுதி வாங்க வேண்டும்.

சொந்தக் கட்டடம் இருந்தவர்களும் அரசுத் திட்டத்துக்கு இழந்தார்கள். ரிச்மண்டில் மேகி வாக்கரின் வட்டாரமான ஜாக்சன் வார்டு வழியாகவே 1950-களில் நெடுஞ்சாலை வெட்டப்பட்டது, இன்றைய ஐ-95. கடைகளும் வீடுகளும் இடிந்தன, வட்டாரம் இரண்டானது. ஒரு கடைக்காரர் தனியாக எதிர்த்து நிற்க முடியாத இடம் அது.

ரிச்மண்டில் இன்று என்ன மிஞ்சியிருக்கிறது?

கிழக்கு லீ தெரு 110½ எண்ணில் மேகி வாக்கரின் வீடு தேசியப் பூங்காச் சேவையின் பராமரிப்பில் உள்ளது. 1904-ல் வாங்கி, குடும்பம் பெருகப் பெருக இழுத்துக் கட்டி 28 அறையாக்கிய வீடு; சாமான்கள் பெரும்பாலும் அவருடையவையே. கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் இருந்தபோது வைத்த மின்தூக்கியையும் காணலாம். பிராடு தெருவும் ஆடம்ஸ் தெருவும் சேரும் இடத்தில் அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. 2017 ஜூலை 15, அவருடைய பிறந்தநாளன்று திறந்தார்கள். அவர் துணிக்கடை நடத்தி மூடியதும் அதே பிராடு தெருவில்தான்.